விளிம்பில் ஒரு பெயர்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

பொழுதுபோக்குகள் பலவகை. தபால்தலை சேர்ப்பவர் உண்டு. நாணயம் சேர்ப்பவர் உண்டு. ஒரு காலத்தில் தீப்பெட்டிப் படம் சேர்த்தவர்களும் உண்டு. என் தாத்தா சேர்த்தவை பதக்கங்கள். அவர் ஓடியோ பாடியோ பேசியோ வென்ற பதக்கங்கள் அல்ல. அவர் ஒருநாளும் கண்டறியாத, பெயர் மட்டுமே அறிந்த, சாதாரண ஆங்கிலேயச் சிப்பாய்கள் பெற்ற போர்ப் பதக்கங்கள் அவை.

தாத்தா சென்னை சென்ட்ரலில் ரயில்வே பார்சல் குமாஸ்தாவாக இருந்தவர். நிலையத்தை ஒட்டியே மூர் மார்க்கெட் இருந்தது. 1985-இல் தீக்கிரையான அந்தச் சந்தையை நான் பார்த்ததில்லை. தாத்தாவின் வாய்மொழியாகவே அறிவேன். பழைய புத்தகம், ஓடாத கடிகாரம், கீறல் விழுந்த கிராமபோன் தட்டு இவற்றுக்கிடையே சில கடைகளில் பதக்கங்களும் கிடக்குமாம். சிப்பாய்கள் அடகு வைத்து மீட்காதவை, நாடு விட்டுப் போன குடும்பங்கள் வீட்டுச் சாமானோடு சாமானாக விற்றுப் போனவை என்பது தாத்தாவின் ஊகம். சம்பள நாளன்று அங்கே போவார்; பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவார். இருபது ஆண்டுகளில் அவர் வாங்கியவை ஐந்தே ஐந்து. அவற்றைப் பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார்.

நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது ஒரு பொங்கலுக்கு முந்தைய வாரம். பாட்டி வெள்ளிக் குத்துவிளக்கை விபூதி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். பதக்கங்கள் கறுத்துக் கிடப்பது பொறுக்காமல் டப்பாவைத் திறந்து அவற்றில் ஒன்றையும் எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார். வீட்டில் குரல் உயர்த்தியே அறியாத தாத்தா அன்று பதறி ஓடி வந்தார். "ஓரத்தைத் தேய்ச்சிட்டியா? ஓரத்தைத் தேய்ச்சிட்டியா?" என்று இரண்டு முறை கேட்டார். தேய்க்கவில்லை என்று தெரிந்த பிறகே அமர்ந்தார்.

அன்று மாலை என்னை அருகில் அழைத்து, லென்ஸைக் கையில் கொடுத்து, பதக்கத்தைச் செங்குத்தாக நிறுத்திப் பிடித்தார். காசின் விளிம்பில் வரிப்பள்ளம் இருக்குமே, அந்த இடத்தில் இப்பதக்கத்தில் சின்னஞ்சிறு எழுத்துகள் இருந்தன. ஓர் எண், ஒரு பதவி, ஒரு பெயர், ஒரு படைப்பிரிவு. "ராஜா மூஞ்சியை எல்லாரும்தான் பார்ப்பாங்க. நீ ஓரத்தைப் பாரு, கண்ணு" என்றார். நான் வரலாறு படிக்க வந்ததற்கு அந்த மாலைதான் காரணம் என்று இன்று தோன்றுகிறது.

போர்ப் பதக்கம் என்றதும் வீரதீரச் செயலுக்குத் தரப்படுவது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அது வேறு, இது வேறு. 1856-இல் ஏற்படுத்தப்பட்ட விக்டோரியா கிராஸ் வீரச் செயலுக்கானது. இத்தனை ஆண்டுகளில் அது 1,400 முறைகூட வழங்கப்படவில்லை. என் தாத்தா சேர்த்தவை, இன்ன போரில், இன்ன காலத்தில் இவன் இருந்தான் என்பதற்காக மட்டுமே தரப்படுபவை. பயந்தவனுக்கும் உண்டு, பாய்ந்தவனுக்கும் உண்டு. காய்ச்சலில் படுத்தவனுக்கும் உண்டு. படைக்குச் சோறாக்கியவனுக்கும் உண்டு. அதனாலேயே சாதாரண மனிதனின் வரலாறு இவற்றில் தங்கியிருக்கிறது.

இந்த உரிமை சிப்பாய்க்கு எளிதில் வந்துவிடவில்லை. நமக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டையே சொல்லுகிறேன். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் களத்தில் மாண்டார். அந்த வெற்றிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி பர்மிங்ஹாம் நகரின் சோஹோ ஆலையில் ஒரு பதக்கம் அடித்தது. ஒரு சிங்கம் ஒரு புலியை வீழ்த்துவதாக அதன் முகப்பு. புலி மைசூர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பதக்கம் ஒன்றாயினும் உலோகம் ஐந்து! மிக உயர்ந்தோருக்குத் தங்கம், அடுத்த நிலையினருக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளி, அதற்கும் அடுத்தோருக்கு வெள்ளி, பின்னர் வெண்கலம், கடைசியில் சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். சென்னைப் படையின் நம்மவர்க்கும் அதே வெள்ளீயம்தான். ஒரே மதிலின் மீது ஏறியவர்களை ஐந்து உலோகமாகப் பிரித்தார்கள். விளிம்பில் எவர் பெயரும் இல்லை.

பதினாறு ஆண்டுகள் கழித்து மாற்றம் வந்தது. 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றான். அடுத்த ஆண்டு வழங்கத் தொடங்கிய வாட்டர்லூ பதக்கம் ஏறத்தாழ 39,000 அடிக்கப்பட்டன. வெலிங்டன் பிரபு பெற்றதும் அதே வெள்ளி. கடைசி வரிசையில் நின்ற சிப்பாய் பெற்றதும் அதே வெள்ளி. விளிம்பில் அவரவர் பெயர் எந்திரத்தால் அழுத்திப் பதிக்கப்பட்டது. களத்தில் இறந்தவனின் பதக்கம் அவன் உறவினரிடம் சேர்ப்பிக்கப்பட்டது. பிரிட்டிஷ் அரசு சாதாரணச் சிப்பாயின் பெயரை உலோகத்தில் எழுத ஒப்புக்கொண்ட நாள் அதுதான் எனலாம்.

ஆனால், அதற்கு முன் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் 1808 முதல் 1814 வரை நடந்தே தேய்ந்தவர்களின் கதி என்ன? ஒரே நாள் போர் செய்தவனுக்குப் பதக்கம். ஆறு ஆண்டுகள் போர் செய்தவனுக்கு ஒன்றுமில்லை. ரிச்மண்ட் பிரபு இவர்களுக்காகப் பல ஆண்டுகள் வாதாடினார். கடைசியில் பதக்கம் வந்தது 1848-இல்! அதில் இருந்த தலை விக்டோரியா ராணியுடையது. அவர் பிறந்ததே 1819-இல்தான். உயிரோடு இருந்து விண்ணப்பித்தவர்களுக்கே அது கிடைத்தது. அவர்கள் ஏறத்தாழ 26,000 பேர். பதக்கத்தின் நாடாவில் போருக்கு ஒன்றாக ஒரு வெள்ளிப் பட்டை சேர்ப்பார்கள். கிளாஸ்ப் என்பது அதன் பெயர். மொத்தம் 29 பட்டைகள் அறிவிக்கப்பட்டன. ஒரே நாடாவில் 15 பட்டை பெற்றவர்கள் இருவர். முப்பது, நாற்பது ஆண்டுகள் காத்திருந்து, பல் விழுந்து, முதுகு கூனிய பிறகு ஒரு கிழவன் கைக்கு அது வந்து சேர்வதை எண்ணிப் பாருங்கள். வராமலே மாண்டவர்களையும் எண்ணிப் பாருங்கள்.

தாத்தாவின் டப்பாவில் இத்தகைய அரும்பொருள்கள் எவையும் இல்லை. அவர் சம்பளத்துக்கு அவை எட்டா. கிடைத்த ஐந்தும் எளியவை. முதலாவது 1878-80 ஆப்கானியப் போரின் பதக்கம். அதன் பின்புறத்தில் படையோடு படையாக ஒரு யானை பீரங்கியைச் சுமந்து நடக்கிறது. இரண்டாவது 1885-7 என்று பட்டையிட்ட பர்மாப் போர்ப் பதக்கம். மூன்றாவது தென்னாப்பிரிக்கப் போயர் போரின் பதக்கம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. போர் விரைவில் முடிந்துவிடும் என்று நம்பி முதலில் 1899-1900 என ஆண்டு பொறித்துவிட்டார்கள். போரோ 1902 வரை நீண்டது! ஆண்டுகளை அழிக்க வேண்டியதாயிற்று. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அழித்த எண்களின் நிழல் சில பதக்கங்களில் இன்றும் தெரியும். தாத்தாவுடையதிலும் தெரிகிறது. அரசுகளின் கணக்கு எப்படிப் பொய்க்கும் என்பதற்கு அதைவிடச் சிறிய சான்று நான் கண்டதில்லை. நான்காவதும் ஐந்தாவதும் முதல் உலகப் போருக்குரியவை: 1914-15 நட்சத்திரம் ஒன்று, பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் ஒன்று.

பதக்கம் சேர்ப்போர் உலகில் விலையை முடிவு செய்வது உலோகமன்று, விளிம்பே. கிரிமியப் போரின் பதக்கங்கள் எல்லாம் ஒரே எடை வெள்ளிதான். ஆயினும் 1854 அக்டோபர் 25 அன்று பாலக்ளாவாவில், ஏறத்தாழ 670 குதிரை வீரர்கள் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தார்களே, அவர்களுள் ஒருவனது பெயர் விளிம்பில் இருந்தால் விலை பல மடங்கு. விலை உள்ள இடத்தில் வஞ்சகமும் உண்டன்றோ? பழைய பெயரை அரத்தால் ராவிவிட்டு, புகழ்பெற்ற பெயரைப் பொறிப்பவர்கள் இருந்தார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ராவினால் விட்டம் குறையும். நாம் முதலாம் ஆண்டில் இயற்பியல் ஆய்வகத்தில் கையாளும் அதே வெர்னியர் அளவியால் அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். தாத்தாவின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தை நானே அளந்தேன். இருக்க வேண்டியபடி சரியாக 36 மில்லிமீட்டர்.

அந்தப் பதக்கத்தைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு முகத்தில் ஐந்தாம் ஜார்ஜ். மறுமுகத்தில் ஆடையற்ற ஒருவன் குதிரைமீது அமர்ந்து, பகைவரின் கேடயத்தையும் ஒரு மண்டையோட்டையும் மிதித்து நிற்கிறான். 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளிப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. அத்தனையின் விளிம்பிலும் பெயர் பொறித்தார்கள். வெள்ளியல்லாமல் வெண்கலத்திலும் சுமார் 1,10,000 பதக்கங்கள் வழங்கப்பட்டன. அவை யாருக்கு? சீன, மால்டா, இந்தியத் தொழிலாளர் படையினருக்கு. மூட்டை சுமந்தவர்களுக்கும் பாதை போட்டவர்களுக்கும். வாட்டர்லூவில் ஒன்றாகிவிட்ட உலோகம் நூறாண்டு கழித்து மீண்டும் இரண்டாகப் பிரிந்தது. பர்மாப் போரிலேயே படையோடு சென்ற இந்தியப் பணியாட்களுக்கு வெண்கலம் தரும் வழக்கம் வந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எண்ணிக்கை மிகுந்ததால் இப்பதக்கத்தை எவரும் அருமையாகக் கருதவில்லை. 1980 தொடக்கத்தில் உலகச் சந்தையில் வெள்ளி விலை வானளாவ உயர்ந்தபோது, இங்கிலாந்தில் இப்பதக்கங்கள் ஏராளமாக உருக்கு உலைக்குப் போயின. இதன் இழப்பு எத்தகையது என்பதை அறிய இன்னொரு செய்தி வேண்டும். 1940 செப்டம்பரில் ஜெர்மானிய விமானங்கள் லண்டனில் குண்டு வீசியபோது, முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் பணிப்பதிவேடுகள் இருந்த கட்டடம் எரிந்தது. பாதிக்கு மேற்பட்டோரின் ஏடுகள் சாம்பலாயின. பதக்கம் வழங்கிய பட்டியல்களும் அட்டைகளும் வேறிடத்தில் இருந்ததால் தப்பின. ஆகவே எத்தனையோ சிப்பாய்களுக்கு, அவர்கள் போருக்குப் போனார்கள் என்பதற்கு அரசிடம் ஓர் அட்டை, வீட்டில் ஒரு பதக்கம் என்னும் இரண்டே சாட்சிகள். அவற்றுள் ஒன்றை வெள்ளிக்காக உருக்கினார்கள்.

தாத்தாவின் நான்காம், ஐந்தாம் பதக்கங்களின் எண்களைக் கொண்டு அந்த அட்டைகளை நான் இணையத்தில் தேடினேன். இரண்டும் கிடைத்தன. ஒருவர் பீரங்கிப் படையில் குதிரை வண்டி ஓட்டியவர். மற்றவர் காலாட்படைச் சிப்பாய். அவர்கள் பெயரை இங்கே எழுதவில்லை. அது அவர்கள் குடும்பத்துக்குரியது. ஆனால் தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

இக்கட்டுரையைப் பற்றிச் சொன்னபோது ஒரு வகுப்புத் தோழி கேட்டாள்: "நம்மை அடிமைப்படுத்தியவர்களின் பதக்கத்தை நாம் ஏன் பாதுகாக்க வேண்டும்?" கேள்வி நியாயமானது. ஆப்கானிஸ்தானத்திலும் பர்மாவிலும் அவர்கள் செய்தது பிறர் மண்ணில் புகுந்த போர். காந்தியடிகளிடமும் இத்தகைய பதக்கங்கள் இருந்தன. போயர் போரில் அவர் அமைத்த இந்திய மருத்துவத் துணைப்படையில் ஏறத்தாழ 1,100 பேர். பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். தமிழர் பலர் அவர்களில் இருந்தனர். பதக்கமோ தலைவர்களாகக் கருதப்பட்ட 37 பேருக்குத்தான். தம் பதக்கங்களைக் காந்தியடிகள் 1920 ஆகஸ்ட் 1 அன்று வைசிராய்க்குத் திருப்பி அனுப்பினார். அரசின் முகம் பொறித்த பக்கத்தை அவர் மறுத்தார், அது சரியே. ஆனால் நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் கூலிக்காக, அயர்லாந்தின் பஞ்சத்திலிருந்தும் இங்கிலாந்தின் சேரிகளிலிருந்தும் படையில் சேர்ந்தவன் பேரரசு ஆண்டவன் அல்லன். அவன் பெயர் விளிம்பில்தான் இருக்கிறது. தோழிக்கு இப்படிப் பதில் சொன்னேன். அவள் பாதிதான் ஒப்புக்கொண்டாள். எனக்கும் உள்ளூர ஒரு குறை இருந்தது. இது என் பதில். தாத்தாவின் பதில் அன்று. அவர் ஏன் சேர்த்தார்?

சென்ற ஆண்டு அவர் படுக்கையில் விழுந்தபோது அதைக் கேட்டேன். அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன்.

தாத்தாவின் அப்பா வட ஆற்காட்டுக் கிராமத்துக் கூலிக்காரர். 1917-இல் தொழிலாளர் படையில் சேர்ந்து பஸ்ராவுக்குக் கப்பலேறினார். துப்பாக்கியைத் தொட்டதில்லை. கப்பலிலிருந்து மூட்டை இறக்கினார்; வெயிலில் தண்டவாளம் போட்டார்; இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பினார். பின்னர் ஒரு பதக்கம் தபாலில் வந்தது. 1942-இல் அவர் இறந்தபோது தாத்தாவுக்கு வயது ஒன்பது.

அடுத்த ஆண்டு வீட்டிலிருந்த ஒரே சொம்பு ஓட்டையாயிற்று. பழைய பாத்திரத்தை எடைக்குப் போட்டுப் புதிது வாங்க, தாயும் மகனும் பாத்திரக் கடைக்குப் போனார்கள். தட்டில் எல்லாவற்றையும் வைத்த பிறகும் எடை சிறிது குறைந்தது. கையில் காசில்லை. தாய் சிறிது நேரம் நின்றார். பிறகு மகனிடம், "பெட்டியில அப்பாவோட வில்லை இருக்கு, ஓடிப் போய் எடுத்தா" என்றார். சிறுவன் ஓடிப் போய், கைக்குள் இறுகப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, தட்டில் போட்டான். முள் சமமாயிற்று. "வெண்கலம்தான்" என்றார் கடைக்காரர்.

"ஓரத்தில என்னமோ எழுத்து இருந்துச்சு கண்ணு. உள்ளங்கையில அழுந்துச்சு. எனக்கு அப்ப இங்கிலீஷ் தெரியாது. பேரு என் கையிலதான் இருந்துச்சு, படிக்கத் தெரியல" என்றார் தாத்தா.

பல ஆண்டுகள் கழித்து மூர் மார்க்கெட்டில் ஒரு வெள்ளிப் பதக்கத்தைப் புரட்டியபோது அதே குதிரையையும் அதே மனிதனையும் கண்டார். நிறம்தான் வேறு. அன்று தொடங்கியதுதான் இந்தச் சேகரிப்பு. தம் தந்தையின் வெண்கலத்தை அவர் கடைசி வரை எங்கும் காணவில்லை. எண் தெரியாததால் ஏட்டில் தேடவும் வழியில்லை. சேர்ப்போர் இடையே இன்று வெள்ளியைவிட அந்த வெண்கலத்துக்கே மதிப்பு அதிகம் என்று நான் படித்ததை அவரிடம் சொல்லவில்லை.

அன்று கடையில் நடந்த இன்னொன்றையும் அவர் சொன்னார். புதுச் சொம்பில் என்ன பெயர் வெட்ட வேண்டும் என்று கடைக்காரர் கேட்டாராம். கணவன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்லாத காலம் அது. தாய் மகனைப் பார்த்தார். மகன் சொன்னான். கடைக்காரர் உளியால் புள்ளி புள்ளியாக, சொம்பின் கழுத்தில், நான்கே தமிழ் எழுத்துகளில் அப்பெயரை வெட்டினார்.

தாத்தா கடந்த ஆடியில் காலமானார். பிஸ்கட் டப்பா இப்போது என்னிடம் இருக்கிறது. சொம்பு இன்றும் எங்கள் சமையலறையில் புழங்குகிறது. நான் எத்தனையோ முறை அதில் தண்ணீர் குடித்திருக்கிறேன். கழுத்தில் எழுத்து இருப்பதை ஒருநாளும் நின்று படித்ததில்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும். அதில் கறுத்த காசு போல ஏதேனும் கிடைத்தால் பழைய சாமான்காரரிடம் போடுமுன் சற்று நிறுத்துங்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குத் தந்த பதக்கங்களில் பெயரே பொறிக்கவில்லை. இந்தியப் படையினரின் பதக்கங்களில் பொறித்தார்கள். ஆகவே அது உங்கள் முன்னோர் ஒருவரின் பெயராகவே இருக்கக்கூடும். புளி வேண்டாம், விபூதியும் வேண்டாம். வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தைப் படியுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு புது விதி ஏற்பட்டிருக்கிறது. சொம்பைத் துலக்கும்போது அம்மா அதன் கழுத்தை மட்டும் வெறும் விரலால் கழுவுகிறார்.